அடுத்தவர் வீட்டு அடுப்பில் பொங்கல் வைப்பவர்களுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் ஹலசூரில் அக்கா வீட்டுக்குப் போனால், கட்டில் மேல் பெட்டியைத் திறந்து போட்டுக்கொண்டு அவள் மகள் உட்கார்ந்திருக்கிறாள். ஜெர்மனியில் ஆறு மாதப் படிப்பு, அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கப்போகிறாள், நடுவில் பொங்கல். பெட்டிக்குள் பித்தளைப் பானை, ஒரு பாட்டில் நெய், ஒரு டப்பா சூடம். "சித்தி, வெயிட் ஏறிடுச்சு, எதை எடுக்கட்டும்?" என்றாள். மூன்றையும்தான். 2015 பொங்கலுக்கு நான் ஸ்டுட்கார்ட் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில், இதே மாதிரி ஒரு குடும்பத்தோடு இருந்தேன். என் பெட்டியிலும் இதே மூன்றும் இருந்தன.

பாஸ்போர்ட், ஸ்வெட்டர் பற்றியெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்ல ஊரே இருக்கிறது.

நெய்

வெளியிலிருந்து வரும் பால் பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுபோக முடியாது. அம்மா காய்ச்சிய நெய்யும் அதில் சேர்த்தி. அங்கே உப்பில்லாத வெண்ணெய் எந்தக் கடையிலும் கிடைக்கும், வாங்கி உருக்கிக்கொள்ளுங்கள்.

சூடம்

விமானத்திலும் ஆகாது, வீட்டுக்குள்ளும் ஆகாது. படுக்கையறைக் கூரையிலேயே புகை அலாரம் இருக்கும்.

பானை

இண்டக்ஷன் அடுப்பாக இருந்தால் பித்தளை சூடே ஏறாது. மற்ற மின் அடுப்பில் ஏறும், ஆனால் உருண்டை அடி தட்டையான கண்ணாடிமேல் ஆடிக்கொண்டே நிற்கும்.

பொங்க விடுவது

இதைத்தான் சொல்ல வந்தேன், இன்னும் எரிச்சலாக இருக்கிறது. அந்த வீட்டில் இருந்தது செராமிக் கண்ணாடி அடுப்பு. நம்மூர் கண்ணாடி டாப் கேஸ் ஸ்டவ் மாதிரி இல்லை, கண்ணாடிக்கு அடியிலேயே கம்பி பழுக்கும், கண்ணாடியே கொதிக்கும். விடிய இன்னும் நேரம் இருந்தது. ஜனவரியில் அங்கே சூரியன் எட்டு மணிக்குத்தான் எட்டிப்பார்க்கும், எனக்கோ எட்டேகாலுக்கு வகுப்பு, அதனால் ஆறு மணிக்கே இருட்டில் பாலை வைத்துவிட்டேன். பெங்களூரில் அப்போது பத்தரை. வீடியோ காலில் அம்மா, "இங்க பொங்கிடுச்சு, அங்க இன்னுமா பொங்கலை?" என்று அவசரப்படுத்த, நானும் பால் பொங்கும் முன்பே, அரிசி வேகும் முன்பே, வெல்லத்தைத் தட்டிப் போட்டேன். பொங்கியது. நன்றாகவே பொங்கியது. "பொங்கலோ பொங்கல்" என்று ஃபோனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன், வெல்லப்பால் கண்ணாடியில் விழுந்து கருகிக்கொண்டிருந்தது.

வெறும் பால் வழிந்தால் ஆறினபின் தேய்த்துக்கொள்ளலாம். வெல்லம் கலந்தால் கதை வேறு. சர்க்கரை உருகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், ஆறும்போது சுருங்கி, கண்ணாடியிலிருந்து சில்லையே பெயர்த்துக்கொண்டு வரும். சூடாக இருக்கும்போதே பிளேடு வைத்த சுரண்டியால் வழித்தெடுத்துவிட வேண்டும். நானோ ஆறட்டும் என்று விட்டேன். அது போதாதென்று, கறுப்பு வட்டத்தின்மேல் கெட்டிலை வைத்து மறைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் வந்தால் கெட்டில் பழைய இடத்தில் இருக்கிறது. அந்த வீட்டம்மா கத்தவில்லை. இரண்டாவது டிராயரைத் திறந்து சுரண்டியை எடுத்துக் காட்டி, "காலையிலேயே என்னை எழுப்பியிருக்கலாமே" என்றார், அவ்வளவுதான். கண்ணாடியில் விரல் வைத்தால் நெருடும் நாலைந்து குழி. என்னிடம் மருத்துவக் காப்பீடு மட்டும்தான் இருந்தது. அடுத்தவருக்கு நாம் வைக்கும் சேதத்துக்கு அங்கே தனியாக ஒரு பொறுப்புக் காப்பீடு உண்டு, பெரும்பாலான குடும்பங்கள் எடுத்து வைத்திருக்கும். எனக்கு அது தெரிந்தது கண்ணாடி மாற்றிய பில் வந்த பிறகு. இரண்டு மாதம் கையிலிருந்த காசெல்லாம் அதிலேயே போனது.

சரி, எப்படி வைப்பது? முன்தினமே வீட்டுக்காரர்களிடம் சொல்லுங்கள். பொங்கி வழிவது அவர்களுக்கு விபத்து, நமக்குப் பண்டிகை என்பது சொன்னால்தானே தெரியும்! பெரிய பாத்திரத்தில் பால் பாதிக்குக் கீழே இருக்கட்டும், நுரை விளிம்புக்கு வந்ததும் கத்திவிட்டு இறக்குங்கள். வெல்லத்தைத் தனியாகக் கரைத்து வடிகட்டி, அரிசி குழைந்து அடுப்பை அணைத்த பிறகு சேருங்கள். பால் திரியாமலும் இருக்கும்.

எள்ளு பெல்லா

எள், வெல்லம், வேர்க்கடலை, கொப்பரை எல்லாம் கலந்த கலவை. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர்களோடு சங்கராந்திக்கு மாற்றிக்கொண்டு வளர்ந்தவர்களுக்கு இது தானாகத் தோன்றும், கொண்டுபோங்கள். ஆனால் கொப்பரை போடாமல், அது தீப்பிடிக்கும் சரக்கு என்று விமானத்தில் விடமாட்டார்கள். எள்ளும் வேர்க்கடலையும் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். நான் கேட்கவில்லை, அந்த வீட்டுச் சின்னப் பையனுக்கு நல்லவேளையாக எதுவும் ஆகவில்லை.

ஜனவரியில் என்ன அறுவடை என்று கேட்பார்கள்

அவர்களுக்கு அறுவடை நன்றித் திருநாள் அக்டோபரில். சம்பா நெல் தையில்தான் வீட்டுக்கு வரும் என்று சொன்னால் போதும், சூரியன் வடக்கே திரும்பும் கதையில் ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிவிடும்.

பானையைப் பெட்டியிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்துவிட்டுத்தான் வந்தேன். நேற்று அக்கா மகள் ஃபோட்டோ அனுப்பியிருக்கிறாள். பானை மறுபடியும் பெட்டிக்குள், அதற்குள்ளே சாக்ஸைச் சுருட்டித் திணித்திருக்கிறாள் என் அக்கா.