லேப்டாப் மேல்வரிசை: தொடுபட்டையா, அமுங்கும் கீயா?

போன வருஷம் ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு ஈரோட்டிலிருந்து ஒரு போன். ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் தம்பி. "அண்ணே, புது லேப்டாப் வாங்கினேன். டாலியில சேல்ஸ் போட எஃப் 8 தட்டுனா ஒண்ணும் வரல, பாட்டு ஓடுது."

"அந்த வரிசை அமுங்குகிற கீயா, வழவழன்னு இருக்கா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "வழவழன்னுதான்ணே இருக்கு. உள்ள லைட் எரியுது. கடையில பார்க்கறப்ப அழகா இருந்துச்சு."

டாலி தெரியாதவர்களுக்கு ஒரு வரி: அது கடைக்கணக்கு எழுதும் மென்பொருள். அதில் எஃப் 5 பேமெண்ட், எஃப் 6 ரசீது, எஃப் 7 ஜர்னல், எஃப் 8 சேல்ஸ், எஃப் 9 பர்ச்சேஸ். கணக்கு எழுதுகிறவர் ஒரு நாளைக்கு அந்த வரிசைக்கு எத்தனை முறை போய்வருவார் என்று எண்ணி மாளாது. நம்மில் பலருக்கு மேல்வரிசை என்றால் சத்தம் கூட்ட, வெளிச்சம் குறைக்க மட்டும்தான். அவருக்கு அதுதான் பிழைப்பு.

அன்று போனிலேயே ஒரு செட்டிங்கை மாற்றச் சொன்னேன். பாட்டு நின்றது, எஃப் 8 சேல்ஸுக்குப் போனது. வேலை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில், இரண்டும் எப்படி வேலை செய்கின்றன?

லேப்டாப்பின் சாதாரண கீயைக் கழற்றிப் பார்த்தால் (கழற்றாதீர்கள், சொல்வதை நம்புங்கள்) அடியில் கத்தரிக்கோல் போல் மடங்கும் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளும், நடுவில் ஒரு சின்ன ரப்பர் குமிழும் இருக்கும். அழுத்தும்போது குமிழ் ஓரளவு தாங்கி நின்று, சட்டென்று மடிந்து இறங்கும். அடியிலிருக்கும் இரண்டு மெல்லிய தகடுகள் தொட்டுக்கொள்ளும். எழுத்து திரையில் வரும். மடிந்த அந்த நொடியை விரல் உணர்ந்துவிடுவதால் திரையைப் பார்க்காமலே 'விழுந்துவிட்டது' என்று தெரியும். இதைவிட முக்கியம், குமிழ் மடிய ஓரளவு பலம் வேண்டும். அதனால் விரலை கீயின் மேல் சும்மா வைத்திருந்தால் ஒன்றும் ஆகாது.

தொடுபட்டையில், அதாவது கீகளுக்குப் பதிலாக இருக்கும் அந்த வழவழ வரிசையில், அசையும் பொருள் எதுவும் இல்லை. மேற்பரப்புக்கு அடியில் மின்வாய்கள் இருக்கின்றன. நம் விரல் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், அது அருகே வந்தால் அங்குள்ள மின்தேக்கம் (மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறன்) லேசாக மாறும். அந்த மாற்றத்தை ஒரு சிப் அளந்து 'தொட்டாயிற்று' என்று முடிவுசெய்யும். போன் திரை வேலை செய்வதும் இப்படித்தான். ஆகவே இதற்குத் தொட்டாலே போதும், அழுத்துவது என்று ஒன்று இல்லை. ஓய்வாக வைத்த விரலும் வேண்டுமென்றே தட்டிய விரலும் அதற்குப் பெரும்பாலும் ஒன்றே. சாதாரணத் துணிக் கையுறை போட்டால் விரலைத் தெரியாது. தண்ணீர்த் துளியை சில நேரம் விரல் என்று நம்பிவிடும்.

படி 1: உங்களிடம் (அல்லது வாங்கப்போவதில்) இருப்பது எது?

லேப்டாப்பை முழுதாக அணைத்துவிட்டு எண் வரிசைக்கு மேலே விரலை இடமிருந்து வலமாக ஓட்டுங்கள். ஒவ்வொரு கீக்கும் இடையில் பள்ளம் தட்டினால் அமுங்கும் கீ. ஒரே வழவழப்பாக இருந்து, அணைத்ததும் எழுத்துகளும் மறைந்துவிட்டால் தொடுபட்டை.

புது மாடல்களில் பெரும்பாலானவை அமுங்கும் கீதான். செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். நான் பார்த்தவரை மூன்று இடங்களில் மாட்டிக்கொள்வார்கள்.

2014ல் வந்த இரண்டாம் தலைமுறை திங்க்பேட் எக்ஸ் 1 கார்பன். கீபோர்டுக்குப் பேர்போன திங்க்பேடிலேயே லெனோவோ மேல்வரிசையை எடுத்துவிட்டு, செயலிக்கு ஏற்ப மாறும் தொடுபட்டையை வைத்தது. அடுத்த ஆண்டே மூன்றாம் தலைமுறையில் பழைய கீகள் திரும்பிவிட்டன. ஓராண்டு மாடல் என்பதால் விலை குறைவாகக் கிடைக்கும். காரணம் தெரியாமல் வாங்கிவிடாதீர்கள்.

அடுத்தது, டச்பார் (ஆப்பிள் தன் தொடுபட்டைக்கு வைத்த பெயர்) வைத்த மேக்புக் ப்ரோ. 2016 அக்டோபரில் அறிமுகமானது. 2016 முதல் 2019 நடுப்பகுதி வரை வந்த டச்பார் மாடல்களில் எஸ்கேப் கீயும் கிடையாது, அதுவும் பட்டைக்குள் போய்விட்டது. 2019 நவம்பரில் வந்த 16 அங்குல மாடலில் தனி எஸ்கேப் கீ திரும்பியது. 2021 அக்டோபரில் வந்த 14, 16 அங்குல மாடல்களில் பட்டையே இல்லை, முழு உயர கீகள் வந்துவிட்டன. 13 அங்குலத்தில் மட்டும் 2023 வரை பட்டை நீடித்தது. இன்னொன்று: அமுங்கும் கீ என்பதாலேயே நல்லது என்று நினைக்க வேண்டாம். அதே 2016 காலத்து மேக்புக்குகளின் எழுத்து கீகளுக்கு பட்டர்ஃப்ளை என்று பெயர். தூசு போனால் சிக்கிக்கொள்ளும், ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து விழும். 2018ல் ஆப்பிளே அதற்குத் தனியாக இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் அறிவிக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது, 2022ன் டெல் எக்ஸ்பிஎஸ் 13 ப்ளஸ். எஸ்கேப், டிலீட் உட்பட மேல்வரிசை முழுவதும் தொடுபட்டை.

படி 2: கடையிலேயே ஐந்து நிமிடச் சோதனை

இந்தப் படியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

நோட்பேடைத் திறந்து, இரண்டு ஆட்காட்டி விரல்களையும் எஃப், ஜே கீகளின் மேலுள்ள சின்ன மேட்டில் வையுங்கள். தமிழ்99 பழகியவர்களுக்கு இடது மேடு புள்ளி, வலது மேடு 'ப'. கண்ணை மூடிக்கொண்டு எஃப் 5 கீயைத் தேடுங்கள். அமுங்கும் கீயாக இருந்தால், பல லேப்டாப்களில் நான்கு நான்காக இடைவெளி விட்டிருப்பார்கள். அந்த இடைவெளியைத் தடவியே எஃப் 4 எங்கே முடிகிறது, எஃப் 5 எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். இடைவெளி இல்லாத மாடலிலும் கீகளை விரலால் எண்ணிக்கொண்டு போகலாம். தொடுபட்டையில் தடவித் தேடவே முடியாது. தடவினாலே எஃப் 1, எஃப் 2, எஃப் 3 எல்லாம் வரிசையாகத் தட்டுப்படும்.

அடுத்து, கண்ணைத் திறந்து எண் வரிசையில் 1 முதல் 0 வரை வேகமாகப் பத்து முறை அடியுங்கள். நடுவில் சத்தம் கூடுகிறதா, திரை மங்குகிறதா, ஏதாவது ஜன்னல் மூடுகிறதா என்று பாருங்கள்.

ஈரோட்டுத் தம்பி சிக்கியது இந்த இரண்டாவது சோதனையில்தான். செட்டிங் மாற்றிய மூன்றாம் நாள் மறுபடி போன் செய்தார். பில் போடும்போது பாதியில் 'வெளியேறவா?' என்று டாலி கேட்கிறதாம். சிரமப்பட்டுத்தான் காரணம் பிடிபட்டது. அது 13 அங்குல லேப்டாப், வலப்பக்க எண் பலகை இல்லை. தொகையெல்லாம் எழுத்துகளுக்கு மேலுள்ள எண் வரிசையில்தான் அடிக்க வேண்டும். அவர் கண் காகித பில்லின் மேல் இருக்கிறது. 1 அடிக்கப் போகும் விரல் நுனி, கொஞ்சம் மேலே இருக்கும் எஸ்கேப்பை உரசுகிறது. கீயாக இருந்திருந்தால் உரசலுக்கு அசைந்திருக்காது. பட்டைக்கு உரசலே தட்டல்தான்.

இதற்கு எந்த செட்டிங்கிலும் மருந்து இல்லை. ஐநூறு ரூபாய் சொச்சத்துக்கு எண் பலகையுடன் ஒரு யுஎஸ்பி கீபோர்டு வாங்கச் சொன்னேன். இப்போது கடையில் லேப்டாப் பின்னால் தள்ளி நிற்கிறது, முன்னால் அந்தக் கறுப்பு கீபோர்டு. மணிக்கணக்காக எண் அடிப்பவர்கள் தொடுபட்டை லேப்டாப்பை வாங்கவே வேண்டாம் என்பேன். மற்றபடி படம் பார்க்க, கட்டுரை எழுத, மெயில் அனுப்பத்தான் என்றால் அவ்வளவு பயப்படத் தேவையில்லை. டச்பாரில் விரலை இழுத்து வீடியோவை முன்னும் பின்னும் நகர்த்துவது எனக்கே பிடிக்கும், பொய் சொல்லக் கூடாது.

படி 3: எஃப் 1 முதல் எஃப் 12 வரை எப்போதும் கிடைக்கச் செய்வது

இது தொடுபட்டை, அமுங்கும் கீ இரண்டுக்கும் பொருந்தும். இப்போது பெரும்பாலான லேப்டாப்களில் மேல்வரிசை முதலில் சத்தம், வெளிச்சம், பாட்டு என்றுதான் வேலை செய்யும். எஃப் 8 வேண்டுமானால் எஃப்என் கீயைச் சேர்த்து அழுத்த வேண்டும். இதைத் தலைகீழாக்க வேண்டும்.

முதலில் எஸ்கேப் கீயின் மேல் சின்னப் பூட்டுப் படம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எஃப்என் கீயைப் பிடித்துக்கொண்டு எஸ்கேப்பை ஒரு முறை அழுத்துங்கள். முடிந்தது. டெல், லெனோவோ மாடல்கள் பலவற்றில் இதுதான் வழி. திரும்ப மாற்றவும் அதே ஜோடிதான்.

பூட்டுப் படம் இல்லையென்றால் பயாஸுக்குள் (விண்டோஸ் எழுவதற்கு முன்பே ஓடும் அடிப்படை செட்டிங் திரை) போக வேண்டும். கணினி எழும்போது கீயைத் தட்டித் தட்டி உள்ளே போகிற பழைய வழியைவிட, விண்டோஸ் 11 வழியாகப் போவது சுலபம். செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி என்று போய், அட்வான்ஸ்டு ஸ்டார்ட்டப் எதிரே ரீஸ்டார்ட் நவ் கொடுங்கள். நீலத் திரை வந்ததும் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ். உள்ளே ஹெச்பியில் ஆக்‌ஷன் கீஸ் மோட் என்றும், லெனோவோவில் ஹாட்கீ மோட் என்றும், டெல்லில் ஃபங்ஷன் கீ பிஹேவியர் என்றும் இருக்கும். ஹெச்பி, லெனோவோ இரண்டிலும் அதை டிஸேபிள் செய்து, சேவ் கொடுத்து வெளியே வாருங்கள். வேறு எதையும் அங்கே தொட வேண்டாம்.

படி 4: எஸ்கேப்பை இடம் மாற்றுவது

தொடுபட்டைக்குள் எஸ்கேப் சிக்கிக்கொண்டவர்களுக்கு இதுதான் பெரிய நிம்மதி. கேப்ஸ் லாக் கீயை நாம் எப்போதாவதுதான் தொடுகிறோம், தமிழ் அடிக்கும்போது அதற்கு வேலையே இல்லை. பெரிய கீ, நல்ல இடம். அதை எஸ்கேப்பாக்கிவிடலாம்.

விண்டோஸில்: மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து பவர்டாய்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். அதில் கீபோர்டு மேனேஜர், ரீமேப் எ கீ. இடப்பக்கம் கேப்ஸ் லாக், வலப்பக்கம் எஸ்கேப் தேர்ந்தெடுத்து ஓகே. பவர்டாய்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும்தான் இது வேலை செய்யும். கணினியில் நுழைய கடவுச்சொல் கேட்கும் திரையில் இது செல்லாது.

மேக்கில்: சிஸ்டம் செட்டிங்ஸ், கீபோர்டு, கீபோர்டு ஷார்ட்கட்ஸ், மாடிஃபையர் கீஸ். கேப்ஸ் லாக் எதிரே எஸ்கேப்.

ஒரு எச்சரிக்கை. என்விடிஏ திரைவாசிப்பானை (பார்வையற்றவர்களுக்குத் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்) பயன்படுத்துபவர்கள் சிலர் கேப்ஸ் லாக்கையே அதன் கட்டளை கீயாக வைத்திருப்பார்கள். அந்தக் கணினியில் வேறொருவர் இந்த மாற்றத்தைச் செய்தால் திரைவாசிப்பானை நம்பியிருப்பவருக்குக் கணினியின் பேச்சே நின்றது போல் ஆகிவிடும். கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

விம் எடிட்டரில் புரோகிராம் எழுதுபவர்களுக்கு எதையும் மாற்றாமலே ஒரு வழி இருக்கிறது: கன்ட்ரோலையும் இடது சதுர அடைப்புக்குறி கீயையும் சேர்த்து அழுத்தினால் எஸ்கேப்.

படி 5: டச்பார் மேக்கில் மட்டும்

சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்டு, அதில் டச்பார் செட்டிங்ஸ். டச்பார் ஷோஸ் என்ற இடத்தில் எஃப் 1, எஃப் 2 கீஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் பட்டை பழைய மேல்வரிசை போல் அசையாமல் நிற்கும். எல்லா நேரமும் அப்படி வேண்டாம், ஒரு செயலிக்கு மட்டும் போதும் என்றால், கீபோர்டு ஷார்ட்கட்ஸில் ஃபங்ஷன் கீஸ் பகுதிக்குப் போய் அந்தச் செயலியைச் சேர்த்துவிடுங்கள்.

படி 6: பட்டை திடீரென்று இருண்டுவிட்டால்

பதற வேண்டாம். முதலில் ஈரமில்லாத மெல்லிய துணியால் துடையுங்கள், கையையும் துடைத்துக்கொள்ளுங்கள். சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்து தட்டுவது இதற்கு ஆகாது. பிறகு ஒருமுறை அணைத்துப் போடுங்கள். மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்து டச்பார்சர்வர் என்று தேடி அதை நிறுத்தினால், தானாக மறுபடி எழுந்துகொள்ளும். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும்.

சரியாகவில்லை, ஆனால் அவசர வேலை இருக்கிறதா? விண்டோஸில் விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரையிலேயே ஒரு கீபோர்டு வரும். எஸ்கேப் அதில் இருக்கிறது, எஃப்என் தட்டினால் எஃப் வரிசையும் வரும். பிரவுசரில் எஃப் 5க்குப் பதில் கன்ட்ரோல், ஆர்.

சர்வீஸுக்குக் கொடுப்பதாக இருந்தால், பட்டை தனியாக மாறுமா, மேல்மூடியும் கீபோர்டும் சேர்ந்தே மாற வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். சேர்ந்தே என்றால் செலவு எங்கேயோ போய்விடும். எழுதித் தரும் மதிப்பீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, யுஎஸ்பி கீபோர்டின் விலையையும் ஒருமுறை விசாரித்துவிட்டு அப்புறம் சரி சொல்லுங்கள்.