மோயமோயா அறுவைக்காக இலங்கையிலிருந்து வேலூர் வருபவர்களுக்கு

காட்பாடி ரயில் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கும் முன் அப்பாயின்ட்மென்ட் சீட்டைப் பாருங்கள். சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனைக்கு ஊருக்குள் ஒரு வளாகம், ராணிப்பேட்டைப் பக்கம் நெடுஞ்சாலையோரம் இன்னொன்று. எந்த வளாகம் என்று தெரிந்த பிறகு அதன் பக்கத்தில் அறை எடுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் லாட்ஜ்காரர் அந்த விவரத்தை அரசிடம் பதிய வேண்டும். பதிந்தாரா என்று கேட்டுவிடுங்கள். சமையல் வசதி இருந்தால் மிகவும் நல்லது, உப்பு உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும்.

சரி, இவ்வளவு தூரம் வந்து செய்கிற அறுவை பல வருடம் தாங்குமா? பெரும்பாலானவர்களுக்குத் தாங்குகிறது. ஆனால் நோய் போய்விடுவதில்லை. மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் உள்ளே மெல்ல அடைந்துகொண்டே வருவதுதான் மோயமோயா. பைபாஸ் என்கிற இந்த அறுவை அந்த அடைப்பை எடுப்பதில்லை. நெற்றிப்பொட்டுப் பக்கம் ஓடும் குழாயை மூளையின் குழாயோடு தைத்து, ரத்தத்துக்கு வேறு வழி கொடுக்கிறது. தைக்காமல், மூளையின் மேல் படரவைக்கும் முறையும் உண்டு. அதில் புதுக் குழாய்கள் வளர மாதங்கள் பிடிக்கும். குழந்தைகளுக்கு வளர்வதுபோல் பெரியவர்கள் எல்லோருக்கும் வளர்வதில்லை. உங்களுக்கு எந்த முறை, ஏன் என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

மோயமோயாவால் மூளையில் ஏற்கெனவே ரத்தம் கசிந்த 80 பெரியவர்களை ஜப்பானில் ஐந்து வருடம் கவனித்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். இருபக்கமும் பைபாஸ் செய்தவர்களில் சுமார் 12 சதவீதம் பேருக்குத்தான் மீண்டும் கசிந்தது. செய்யாதவர்களில் சுமார் 32 சதவீதம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டிலிருந்து 2009-இல் வந்த கணக்கில், பெரும்பாலும் பெரியவர்களான நோயாளிகளுக்கு, அறுவைச் சமயத்தையும் சேர்த்து ஐந்து வருடத்தில் பக்கவாதமோ மரணமோ வரும் வாய்ப்பு 5.5 சதவீதம். நம்பிக்கை வைக்கத் தகுந்த எண்கள் என்றே நான் நினைக்கிறேன்.

முதல் சில நாட்கள்தான் கூட இருப்பவர்களை உலுக்கிவிடும். பழக்கமில்லாத ரத்த ஓட்டம் திடீரென்று கூடுவதால் சிலருக்குப் பேச்சு குழறும், கை மரக்கும். பெரும்பாலும் சில நாட்களில் சரியாகிவிடும் என்றாலும், பார்த்த உடனே நர்ஸிடம் சொல்லுங்கள், பி.பி.யை அவர்கள் கவனித்தாக வேண்டும்.

அப்புறம் வேலூர் வெயில். கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டும். உடம்பில் நீர் குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தமும் குறையும், இந்த நோய்க்காரருக்கு அது பக்கவாதம் வரை போகலாம். ஓ.பி.யில் காத்திருக்கும்போதும் தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும். ரத்தினகிரி முருகனுக்கு நேர்ந்துகொள்ளுங்கள், ஆனால் நோயாளி தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருக்க வேண்டாம். அவருக்குப் பதில் நீங்கள் இருங்கள்.

தைத்த குழாய் தோலுக்கு அடியில்தான் ஓடுகிறது. கண்ணாடிக் காம்பு, இறுக்கமான தொப்பி, தலைக்கட்டு எதுவும் அங்கே அழுத்தக்கூடாது. ஆஸ்பிரின் எழுதியிருந்தால், பல் பிடுங்குவதற்காகக்கூட டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். புகை அறவே கூடாது.

ஊர் திரும்பும் முன் டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஸ்கேன் சிடியையும் வாங்கிக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம், எந்த முறை என்று அதில் எழுதியிருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செய்தவர்களுக்கு மறுபக்கமும் பின்னாளில் அடைக்கலாம் என்பதால், இலங்கையில் உங்களைப் பார்க்கும் நரம்பியல் டாக்டர் பழைய படத்தோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். வாய் கோணினாலோ கை துவண்டாலோ உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்: வேலூரில் 108, இலங்கையில் 1990.