நுவரெலியா டவுனில் ரூம் எடுக்கிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் எங்கள் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி போன் எடுத்தாள். டவுனில் ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலை கிடைத்து, ரூம் எடுத்து இரண்டு மாதம்தான் ஆகிறது. "அக்கா, வாடகையில பாதி அளவுக்கு கரண்ட் பில் கேக்குறாங்க. நான் ஒரு பல்பும் ரைஸ் குக்கரும்தானே வச்சிருக்கேன்" என்றாள், அழாத குறையாக. மீட்டர் உனக்குத் தனியா, வீட்டுக்காரர்களோடு சேர்த்தா என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. 2022இல் நான் ரூம் எடுத்தபோது எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

கடைச் சாப்பாட்டைக் குறை, திரீவீல் பிடிக்காதே என்பதையெல்லாம் அம்மாமார் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். ஆனால் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்த நமக்கு வாடகை கொடுத்துப் பழக்கமில்லை. குளிக்கிற தண்ணியும் விறகடுப்பில்தான் சுடும். அதனால் ரூம் பார்க்கப் போனால் என்ன கேட்க வேண்டும் என்று வீட்டில் சொல்லித்தர ஆளில்லை.

மீட்டர் யாருடையது என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். நான் எடுத்தது வீட்டோடு ஒட்டிய ஒரு அனெக்ஸ். வாடகை குறைவு, ஜன்னலைத் திறந்தால் மலை. முன்வீட்டில் ஐந்து பேர், பக்கத்து ரூமில் இரண்டு பேர், எல்லோருக்கும் ஒரே மீட்டர். "பில்லைப் பங்கு போட்டுக்கொள்வோம்" என்றார்கள். நியாயமாகத்தான் பட்டது.

இலங்கையில் வீட்டு மின்சாரம் படிப்படியாக விலை ஏறும். மாதம் 60 யூனிட்டுக்குள் நின்றால் விலை குறைவு. தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, அந்த முதல் 60க்கும் கூடிய விலைதான். அதற்குமேல் 90, 120, 180 என்று ஒவ்வொரு படியிலும் ஏறும். மூன்று குடும்பங்கள் தனித்தனி மீட்டரில் 50 யூனிட் எரித்தால் மூன்றும் மலிவான படியில் இருக்கும். அதே மூன்றும் ஒரே மீட்டரில் என்றால் 150 யூனிட். கூடுதலாக ஒரு பல்புகூடப் போடாமலே மேல் படிக்குப் போய்விடுவீர்கள்.

அப்புறம் இந்த ஊர்க் குளிர். கடல் மட்டத்திலிருந்து 1800 மீட்டருக்கு மேலே இருக்கிறோம், தை மாதக் காலையில் புல்லில் உறைபனி விழும் இடம். பச்சைத் தண்ணியில் குளிக்க யாரால் முடியும்? 4 கிலோவாட் ஷவர் ஹீட்டர் கால் மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். முன்வீட்டு ஐந்து பேரும் தினம் ஆளுக்குக் கால் மணி நேரம் குளித்தால் மாதம் 150 யூனிட் குளியலுக்கே போகும். நான் வாளியில் தண்ணி சுடவைத்துக் குளித்துவிட்டு, அவர்கள் ஹீட்டருக்கும் சேர்த்துக் கட்டினேன். 2022 ஆகஸ்டில் கட்டணம் ஏறியது, 2023 பெப்ரவரியில் மறுபடியும் ஏறியது. அந்த மாதங்களில் வீட்டுக்கு அனுப்பும் காசில்தான் கை வைத்தேன். தங்கச்சியின் டியூஷன் நின்றது அப்போதுதான்.

சப் மீட்டர், அதாவது பொது மீட்டருக்குக் கீழே ரூமுக்கென்று வைக்கும் சின்ன மீட்டர், இருக்கிறதே என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். நீங்கள் எத்தனை யூனிட் எரித்தீர்கள் என்பதை மட்டும்தான் அது காட்டும். விலை மொத்த பில்லின் படியில்தான். நீங்கள் எரித்தது 40 யூனிட்டாக இருக்கலாம். வீட்டின் மொத்தம் 250 என்றால் அந்த 40க்கும் 250இன் கணக்குப்படிதான் கொடுப்பீர்கள்.

ஆகவே அட்வான்ஸ் கொடுக்குமுன் கடைசி மூன்று மாத கரண்ட் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள். தனி மீட்டர் என்றால் குடிபோகும் அன்றே எண்ணைப் போட்டோ எடுங்கள். பொது மீட்டர்தான் என்றால், கரண்டுக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையைப் பேசி எழுதி வாங்குங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு ரூம் பாருங்கள், மலை எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் சரி.

ஏப்ரலைப் பற்றிப் பேசாமல் விடுவது

புத்தாண்டோடு சீசன். மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம் என்று கொழும்பிலிருந்து சனம் வந்து குவியும். மாத வாடகையை ஓரிரு இரவிலேயே எடுத்துவிடலாம் என்றால் எந்த வீட்டுக்காரருக்கும் ஆசை வரும். "ரெண்டு வாரம் ஊருக்குப் போயிட்டு வாங்களேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஏப்ரலில் காலி செய்யச் சொல்லக் கூடாது, சொன்னால் அந்த மாத வாடகை இல்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். அரிசி, பருப்பை சனம் குவியுமுன், மார்ச்சிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

அட்வான்சுக்கு ரசீது வாங்காமல் விடுவது

வாங்குங்கள். வீட்டுக்காரர் சொந்தக்காரராக இருந்தாலும் வாங்குங்கள்.

டவுனை விட்டு நானுஓயாப் பக்கம் மலிவு என்று போவது

கடைசி பஸ் எத்தனை மணிக்கு, உங்கள் வேலை எத்தனை மணிக்கு முடிகிறது? இரண்டும் ஒத்துவந்தால் மட்டும் போங்கள்.

வெயில் நாளில் ரூம் பார்ப்பது

மழை நாளில் போய், ஈரம் ஊறுகிறதா என்று சுவரில் கை வைத்துப் பாருங்கள்.