‘டெவில் பிரீஸ்ட்’ என்றால் யாரைத் தேடுவது?

கோயில் மலருக்கு, குடும்ப வரலாற்றுக்கு என்று தேயிலைத் தோட்டத்துப் பழைய ஆங்கிலக் கடிதங்களைத் தமிழாக்கித் தரச் சொல்லி, இலங்கை மலையகத்து ஹட்டன் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் வருவார்கள். எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று: பூசாரி, பிக்கு, லெப்பை ஆகியோருக்கு அந்தக் கால ஆங்கிலம் வைத்திருக்கும் பெயர்கள்.

நானும் தடுமாறியவன்தான். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒருவரின் நாட்குறிப்பில் இருந்த ‘டெவில் பிரீஸ்ட்’ என்பதைப் ‘பேய்ப் பூசாரி’ என்று எழுதிக் கொடுத்தேன். மலர் அச்சாகி வந்தது. மேல் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) அம்மாயி பேத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “எங்க தாத்தாவையா தம்பி பேய்ங்குற? ரோதமுனிக்குப் பூசை வச்ச மனுசன்” என்றார். ஆலைச் சக்கரமான ரோதையைக் காக்கும் முனி அது. துரைக்கு முனியைத் தெரியாது, டெவில் என்று எழுதிவிட்டார். எனக்குத் தெரியும், இருந்தும் அப்படியே பெயர்த்தேன். இன்றும் மனசு உறுத்துகிறது.

இப்போது முதலில் ஆண்டையும் இடத்தையும் பார்ப்பேன். அப்புறம் அந்த ஆள் என்ன செய்கிறார் என்று தேடுவேன். உடுக்கை அடிக்கிறாரா, பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறாரா, பிண்டபாதம் (பிச்சைக்கு) போகிறாரா? அதன்பிறகே பெயர்.

1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேய மாலுமி ராபர்ட் நொக்ஸின் நூல் 1681இல் வெளிவந்தது. அதில் ‘டிரினாங்ஸ்’, ‘கொப்பு’, ‘ஜடெஸ்’ என மூவகைக் குருமார் வருகிறார்கள். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதலாவது சிங்களத்துத் ‘தெருன்னான்சே’, அதாவது தேரர். இரண்டாவது நம் கதிர்காமத்துக் கப்புறாளை, அதாவது தேவாலயப் பூசகர். மூன்றாவது ‘யக்தெஸ்ஸா’, ஆவிகளுக்குப் பூசை செய்பவர். காதில் விழுந்ததைத்தான் அவர் எழுதியிருக்கிறார். அதனால் இந்த மாதிரிச் சொற்களுக்கு அகராதியைவிடக் காதே உதவும்.

‘பொன்ஸ்’ என்பது ஜப்பான், சீனம் பக்கத்துப் பிக்கு. போர்த்துக்கீசர் வாய்வழி வந்த சொல். ‘டாலபோயின்’ என்றால் பர்மா, சயாம் பிக்கு. இரண்டுக்கும் ‘பௌத்த பிக்கு’ போதும்.

‘மலபார் பிரீஸ்ட்’ என்று கண்டால் கேரளத்துக்கு ஓடாதீர்கள். 19ஆம் நூற்றாண்டு இலங்கை ஆங்கிலத்தில் மலபார் என்றாலே தமிழர். பெரும்பாலும் நம் ஐயரோ பூசாரியோ பண்டாரமோதான். இந்த மூவரும் வேறு வேறு ஆட்கள், கலந்துவிடக்கூடாது.

‘பாத்ரே’ இன்னும் சிக்கல். நம் ‘பாதிரி’யும் அதே போர்த்துக்கீசச் சொல்தான். ஆனால் ஆங்கிலிக்கன் குருவையும் துரைமார் அப்படித்தான் அழைத்தார்கள். எந்தக் கோயில் என்று பார்த்து அருட்தந்தை, குருவானவர், போதகர் என்று பிரித்து எழுதுங்கள்.

‘மஹொமெதன் பிரீஸ்ட்’ என்பதை ‘மகமதியப் பூசாரி’ என்று எழுதுவது பெரிய பிழை. இஸ்லாத்தில் பூசாரி கிடையாது, ‘மகமதியர்’ என்ற பெயர் நினைக்க வைப்பதுபோல முஸ்லிம்கள் நபியை வணங்குபவர்களும் அல்லர். தொழுகை நடத்துபவர் என்றால் இமாம். ஊரில் லெப்பை என்று அழைத்திருந்தால் லெப்பை.

மேற்கோளாகவே தர வேண்டியிருந்தால் பழைய சொல்லை மாற்றாதீர்கள். மேற்கோள் குறிக்குள் வைத்து, சரியான பெயரைப் பக்கத்தில் எழுதுங்கள். துரை என்ன நினைத்தார் என்பதும் வரலாறுதானே.

அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்த லயத்தில் மூத்தவர் ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பிரட்டு (வேலைக்கு ஆள் கூட்டிப் பெயர் எடுப்பது) இல்லாத ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் ஆற அமர உட்கார்ந்து கேட்பார்கள்.