வெரிகோஸ் வெயினுக்கு லேசரா, ரேடியோ அலையா? ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

காலில் புடைத்துச் சுருண்டு நிற்பதைப் பேச்சுவழக்கில் நரம்பு என்கிறோம். உண்மையில் அது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் சிரை. லேசர், ரேடியோ அலை இரண்டுமே பழுதான சிரையை உள்ளிருந்து சூடாக்கி மூடிவிடும் சிகிச்சைகள். நரம்பு வேறு, சிரை வேறு என்பது இங்கே முக்கியமானது, ஏனெனில் முழங்காலுக்குக் கீழே நிஜமான நரம்பு அந்தச் சிரையை ஒட்டியே ஓடுகிறது. அங்கே வெப்பம் பட்டால் தோல் மரத்துப்போகலாம்.

ஒப்பீட்டை, இரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்டான டாப்ளர் ஸ்கேனிலிருந்து தொடங்குங்கள். நின்ற நிலையில் எடுத்த ஸ்கேனில், எந்தச் சிரையில் இரத்தம் அரை விநாடிக்கு மேல் பின்னோக்கிப் பாய்கிறது, எதுவரை பாய்கிறது, தசைகளுக்கிடையே ஓடும் ஆழ்சிரையில் இரத்தக்கட்டி உண்டா என்பவை தெளிவாக இருக்க வேண்டும். சிரை மிகவும் நெளிந்திருந்தால், சிகிச்சைக்கான மெல்லிய குழாயான கதீட்டர் உள்ளே ஏறாது. அப்போது இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை.

இரண்டு முறைகளிலும் அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி ஊசித் துளை வழியே கதீட்டரை ஏற்றி, அதன் முனையைத் தொடை இடுக்கில் ஆழ்சிரையோடு சேரும் இடத்துக்குச் சுமார் 2 செ.மீ. கீழே நிறுத்துவார்கள். பிறகு தொடை நெடுகப் பல இடங்களில் குத்தி, மரப்பு மருந்து கலந்த உப்புநீரைச் சிரையைச் சுற்றி நிரப்புவார்கள். பலருக்கும் இந்தக் குத்தல்தான் சிகிச்சையின் கடினமான பகுதி. ஆனால் சிரையை நெருக்கிப் பிடிப்பதும், தோலையும் நரம்பையும் வெப்பத்திலிருந்து காப்பதும் அந்த நீரே என்பதால், அதில் அவசரம் கூடாது.

ரேடியோ அலைக் கதீட்டர்களில் பரவலாகப் பயன்படும் வகை, 7 செ.மீ. நீளப் பகுதியை 120 டிகிரி செல்சியஸில் 20 விநாடி சூடாக்கி, அடுத்த பகுதிக்கு இறங்கும். வெப்பநிலையைக் கருவியே கட்டுப்படுத்துகிறது. லேசரில் மருத்துவர் ஒளியைக் கொண்டுசெல்லும் இழையைச் சீராகப் பின்னிழுக்க வேண்டும் என்பதால், கைப்பழக்கத்தின் பங்கு கூடுதல். பழைய 810, 980 நானோமீட்டர் அலைநீள லேசர்களை இரத்தத்தின் ஹீமோகுளோபினே பெரிதும் உறிஞ்சியது. இழையின் உறையில்லாத திறந்த முனை சிரைச் சுவரைத் துளைத்ததால் கன்றிப்போதலும் வலியும் மிகுந்தன. 1470 நானோமீட்டர் ஒளியைச் சுவரிலுள்ள நீர் உறிஞ்சுகிறது. வட்டமாக ஒளி பரப்பும் முனை அதைச் சுற்றிலும் சமமாகப் பகிர்கிறது. 2011இல் வெளியான டென்மார்க் ஆய்வில், 500 நோயாளிகளிடையே ரேடியோ அலை பெற்றவர்களுக்கு வலி குறைவாக இருந்தது. ஆனால் அங்கே பயன்பட்டவை திறந்த முனை இழைகள். ஓராண்டு முடிவில் சிரையை மூடும் திறனில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே, “லேசரா?” என்று மட்டும் கேட்காமல், எத்தனை நானோமீட்டர், எந்த முனை, மருத்துவருக்கு எதில் பழக்கம் அதிகம் என்று கேளுங்கள்.

சிகிச்சை முடிந்த அன்றே நடக்கலாம், நடக்கவும் வேண்டும். கெண்டைக்கால் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வெளியே தெரியும் கிளைச் சிரைகளுக்குத் தனியாக, சிரையை மூடும் நுரை மருந்து ஊசியோ சிறு அறுவையோ தேவைப்படலாம். சொல்லப்பட்ட கட்டணத்தில் அதுவும் அடங்குமா என்பதை முன்கூட்டியே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.