காவல்துறைக்கு உளவியலாளராகப் போகிறீர்களா? கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

காவல்துறையோ தீயணைப்புத் துறையோ உளவியலாளராக வரச் சொன்னால், சம்பளம் பேசுவதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: நான் எழுதுவதை யார் படிப்பார்கள்? எதிரில் இருப்பவர் கொஞ்சம் முழிப்பார், பரவாயில்லை. பதிலை எழுத்தில் வாங்காமல் நான் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடுவதில்லை.

இந்தத் துறையில் நம் வேலை நான்கு வகை: மதிப்பீடு, சிகிச்சை, களத்தில் உதவி, நிர்வாகத்துக்கு ஆலோசனை. 2013-இல் இதைத் தனிச் சிறப்புப் பிரிவாக ஏற்ற அமெரிக்க உளவியல் சங்கமும் இப்படித்தான் பிரிக்கிறது. நான்கிலும் நாம் பதில் சொல்ல வேண்டிய ஆள் வேறு. ஒரே மனிதரை இரண்டு வகையில் தொட்டால் சிக்கல் ஆரம்பம். சிகிச்சை கொடுப்பவரை மதிப்பிடாதீர்கள். மதிப்பிட்டவருக்குச் சிகிச்சை கொடுக்காதீர்கள். "இருப்பதே நீங்கள் ஒருவர்தானே மேடம்" என்பார்கள். பக்கத்துத் துறையின் உளவியலாளரோடு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்: உங்கள் ஆட்களை அவர் மதிப்பிடட்டும், அவருடைய ஆட்களை நீங்கள்.

எனக்கு அதிகம் தலைவலி கொடுப்பது பணித் தகுதி மதிப்பீடு. ஒருவர் ஆயுதத்தோடு வேலைக்குத் திரும்பலாமா என்று துறை கேட்கும். ஏன் கேட்கிறார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். "ஆள் ஒரு மாதிரியாக இருக்கிறார்" என்பது காரணம் ஆகாது. என்ன செய்தார், எப்போது, யார் பார்த்தார்கள் என்று இருக்க வேண்டும். மேலதிகாரி மீது புகார் கொடுத்தவரை மறு வாரமே மனநலச் சோதனைக்கு அனுப்புகிறார்கள் என்றால், அது தண்டனை. அந்த ஃபைலைத் திருப்பி அனுப்புங்கள்.

ஆள் வந்து உட்கார்ந்ததும் நான் சொல்வது இதுதான்: "நான் உங்களுக்குச் சிகிச்சை செய்ய வரவில்லை. துறை கேட்டதால் உங்களை மதிப்பிடுகிறேன். இங்கே பேசுவது ரகசியம் இல்லை, ரிப்போர்ட் துறைக்குப் போகும். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் இருக்கலாம்; சொல்லவில்லை என்பதை மட்டும் எழுதுவேன்." பிறகு, புரிந்ததை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்வேன். வராவிட்டால் வேலை போகும் என்ற நிலையில் வந்தவரின் கையெழுத்தை முழு மனச் சம்மதம் என்று நினைத்து ஏமாறாதீர்கள். அவரிடம் தகவல் சொன்னதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான்.

அரை மணி நேரத்தில் அவர் அதையெல்லாம் மறந்துவிடுவார். நாம் கவனமாகக் கேட்கிறோம் அல்லவா, கேட்கக் கேட்க மனம் திறக்கும். "மேடம், இது நமக்குள்ளேயே இருக்கட்டும்" என்பார். அங்கேயே பேனாவைக் கீழே வையுங்கள். "நமக்குள் வைத்துக்கொள்ள முடியாது. தொடரலாமா, வேண்டாமா, நீங்களே முடிவு செய்யுங்கள்." கண் கலங்கி நிற்பவரிடம் இப்படிச் சொல்வது கல்நெஞ்சம் போலத் தோன்றும். சொல்லாமல் தலையாட்டிக்கொண்டு குறிப்பெடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ரிப்போர்ட் சின்னதாக இருக்கட்டும். மனைவியோடு பேச்சுவார்த்தை இல்லை, அப்பா குடிப்பார் என்பதெல்லாம் கமாண்டருக்கு எதற்கு? "இப்போதைக்கு ஆயுதம் ஏந்தும் பணி வேண்டாம். அலுவலகப் பணி செய்யலாம். 8 வாரம் கழித்து மறு மதிப்பீடு." இது போதும். சாயங்காலம் போன் வரும்: "ரிப்போர்ட் கிடைத்தது. சும்மா சொல்லுங்கள், உண்மையில் என்ன பிரச்சினை?" நான் எல்லோருக்கும் சொல்லும் பதில், "எழுதியதுதான் சார், எழுதாதது எதுவும் என்னிடம் கிடையாது." இரண்டு மூன்று முறை கேட்ட பிறகு போன் வருவது நின்றுவிடும்.

சிகிச்சை என்றால் கதையே வேறு. ஒரு போலீஸ் அதிகாரி 1991-இல் ஒருவரைச் சுட்டுக் கொன்ற பிறகு கவுன்சலிங் போனார். அந்தக் குறிப்புகளைக் கேட்டு வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996-இல், ஜாஃபி எதிர் ரெட்மண்ட் வழக்கில், கொடுக்கத் தேவையில்லை என்று தீர்ப்பு வந்தது. அது அந்த நாட்டு மத்திய நீதிமன்றங்களுக்கான பாதுகாப்பு. உங்கள் சட்டம் என்ன சொல்கிறது என்பதை வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே யாருக்கும் வாக்குக் கொடுங்கள். சிகிச்சைக் குறிப்புகள் துறையின் அலமாரியில் இருக்கவே கூடாது.

ரகசியத்துக்கும் எல்லை உண்டு. இவர்களிடம் துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்பது வீண். ராத்திரி அதை எங்கே வைக்கிறீர்கள் என்று கேளுங்கள். தற்கொலை எண்ணம் இருந்தால், அவரே ஆயுதத்தை ஒப்படைக்கும்படி, யாரிடம், எப்போது என்பது வரை சேர்ந்து முடிவு செய்யுங்கள். தாமாகக் கொடுத்தவர் மறுபடி நம்மிடம் வருவார்; பிடுங்கப்பட்டவர் வரமாட்டார், அவருடைய நண்பர்களும் வரமாட்டார்கள். ஆபத்து உடனடி என்றால் மட்டும், தடுக்கக்கூடிய ஒருவரிடம், தேவையானதை மட்டும் சொல்லுங்கள்.

பெரிய சம்பவம் நடந்ததும் எல்லோரையும் உட்கார வைத்து ஒரு முறை டிப்ரீஃபிங், அதாவது நடந்ததைப் பேசவைக்கும் அமர்வு, செய்துவிடச் சொல்வார்கள். ஒற்றை அமர்வு பிற்கால மனக்காயத்தைத் தடுக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை, கட்டாயப்படுத்துவதை நிறுத்துங்கள் என்று, பல மருத்துவ ஆய்வுகளை ஒன்றுசேர்த்து எடைபோடும் காக்ரேன் தொகுப்பாய்வு 2002-இலேயே சொல்லிவிட்டது. விரும்புகிறவர்களுக்கு அறைக் கதவு திறந்திருக்கட்டும்.

களத்தில், கமாண்டருக்கு ஆலோசனை சொல்வதோடு நில்லுங்கள். நியூயார்க்கில் 1970-களில் பிணைக்கைதிப் பேச்சுவார்த்தை முறையை வளர்த்த ஹார்வி ஷ்லாஸ்பெர்க், துப்பறிவாளரும் உளவியல் முனைவரும் ஒருவரே. நம்மில் பலர் அப்படி இல்லை. உங்கள் ஆலோசனைக்குப் பிறகு துப்பாக்கிச் சூட்டில் முடிந்தால், அந்தக் குழுவுக்கு நீங்களே ஆறுதல் சொல்லப் போகாதீர்கள். நீங்களும் அந்த முடிவில் ஒரு பங்கு. விசாரணை அறையில் ஒருவரை எப்படி உடைப்பது என்று கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தேசப் பாதுகாப்பு விசாரணைகளில் பங்கெடுக்க அமெரிக்க உளவியல் சங்கம் 2015-இல் தடை போட்டதே, நம் தொழில் அங்கே தலைகுனிந்த பிறகுதான்.

இதைவிட நைசாக வரும் ஆபத்து, அன்பு. "நம்ம மேடம்" என்பார்கள், துறையின் ஜாக்கெட் ஒன்று கொடுப்பார்கள். நான் வாங்கிக்கொள்வதில்லை. ரோந்து வண்டியில் கூடப் போவேன். போகாமல் இந்த வேலை புரியாது. ஆனால் ஏறும் முன்பே ஓட்டுபவரிடம் சொல்லிவிடுவேன்: "தம்பி, வழியில் நீங்கள் யாரையாவது அடித்தால், பிறகு என்னைக் கேட்பவர்களிடம் பார்த்ததைச் சொல்வேன்." சிலர் சிரிப்பார்கள். ஒருவர் மட்டும் கதவைத் திறக்காமல், இன்னொரு வண்டியைக் கைகாட்டினார். நான் அதில் போனேன்.