நெட்வொர்க் கட்டளைக் கருவியில் ஆர்கியுமென்ட் வாசிக்கும் நிரலைச் சீரமைப்பது

நெட்வொர்க் அமைப்பை மாற்றும் கட்டளைக் கருவிகள் வளர வளர, ஆர்கியுமென்ட்டை (கட்டளையோடு தரப்படும் சொற்களை) வாசிக்கும் இஃப்-எல்ஸ் சங்கிலி நீண்டுகொண்டே போகும். நீளம் கூடப் பரவாயில்லை. ஒரு சொல்லை வாசித்த கையோடு இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு அனுப்பிவிடுவதுதான் ஆபத்து. எம்டியுவை (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, பைட்டில்) 1400 ஆக்கிவிட்டு, அடுத்த சொல்லில் எழுத்துப்பிழை என்று கருவி வெளியேறினால் இன்டர்ஃபேஸ் (கணினியின் நெட்வொர்க் இணைப்பு முனை) அரைகுறையாக மாறி நிற்கும். ஆகவே இலக்கு ஒன்றே: முழுவதையும் வாசித்து ஒரு ஸ்ட்ரக்சரில் நிரப்பு, சரிபார், பிறகே அமல்படுத்து.

நிரலில் கைவைக்குமுன் இப்போதைய நடத்தையைச் சோதனைகளாகப் பதியுங்கள். தவறான கட்டளைகளே இதில் முக்கியம்: மதிப்பில்லாத எம்டியு, இருமுறை வந்த சொல், 15 எழுத்தைத் தாண்டிய இன்டர்ஃபேஸ் பெயர் (லினக்ஸில் முடிவிலுள்ள நல் பைட்டோடு சேர்த்து 16 பைட்தான்). எக்ஸிட் கோடையும் (வெற்றியா தோல்வியா என்று கருவி முடியும்போது தரும் எண்) பதியுங்கள். பலருடைய ஸ்கிரிப்டுகள் அதை நம்பி ஓடுகின்றன.

அடுத்து அட்டவணை. வரிக்கு ஒரு சொல்: அதன் வகை, கீழ் வரம்பு, மேல் வரம்பு, ஸ்ட்ரக்சரில் அதற்கான இடம். விலேன் (ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனிப் பிரிவுகளாக்கும் முறை) எண்ணுக்கு 1 முதல் 4094. எம்டியுவுக்குக் கீழ் வரம்பு 68. மேல் வரம்பை டிரைவர் சொல்லட்டும். லினக்ஸில் 1280க்குக் கீழே போனால் அந்த இன்டர்ஃபேஸில் ஐபிவி6 நின்றுவிடும் என்பதால் ஓர் எச்சரிக்கை நல்லது.

எண் வாசிக்க ஒரே ஃபங்ஷன் போதும், ஆனால் கவனமாக எழுத வேண்டியது அதுதான். எழுத்துகளை எண்ணாக்கும் சி மொழி ஃபங்ஷனான 'ஸ்ட்ர்டூஉல்'லுக்கு (strtoul) பேஸ் 0 கொடுத்தால் எண்ணின் அடிப்படையை அதுவே ஊகிக்கும்; 0வில் தொடங்கும் '010' எட்டடிமான எண்ணாகக் கொள்ளப்பட்டு 8 ஆகும். '-1' பிழையாகாமல் மிகப்பெரிய எண்ணாகும். மைனஸ் குறியை முதலிலேயே மறுத்து, எர்னோவை (பிழை எண் பதியும் மாறி) 0 ஆக்கி அழைத்து, அது மாறியதா என்றும் எண்ணுக்குப் பின் எழுத்து மிஞ்சுகிறதா என்றும் பாருங்கள். பேஸை 10 ஆக மாற்றினால் ஹெக்ஸில் (0x10 போல 16 அடிமானத்தில்) எழுதுவோரின் கட்டளை உடையும். ஐபி முகவரியிலும் இதே கதைதான்: அதை வாசிக்கும் ஃபங்ஷன்களில் 'ஐநெட்-ஏடான்' (inet_aton) '10.1'ஐ 10.0.0.1 என்று எடுத்துக்கொள்ளும், 'ஐநெட்-பிடான்' (inet_pton) மறுத்துவிடும். எதை ஏற்பது என்பதையே மாற்றும் இத்தகைய மாற்றங்களைச் சீரமைப்போடு கலக்காமல் தனி கமிட்டாக்குங்கள் (தனியாகப் பதிவாகும் நிரல் மாற்றம்).

சொல்லின் முதல் எழுத்துகளை மட்டும் அடிக்கும் சுருக்கச் சொற்கள்தான் பலரையும் கவிழ்ப்பவை. 'எ' என்று அடித்தால் பட்டியலில் முதலில் பொருந்துவதை எடுக்கும் கருவியில், வரிசையே பொருளைத் தீர்மானிக்கிறது. அட்டவணையை அகர வரிசைப்படுத்தினால் அதே கட்டளை வேறு வேலை செய்யும். பழைய சுருக்கங்களை அட்டவணையில் வெளிப்படையாக எழுதுங்கள். புதிய சொற்களுக்கு முழுப் பொருத்தம் மட்டுமே.

பழைய இஃப்-எல்ஸ் சங்கிலியிலிருந்து அட்டவணைக்கு, துணைக்கட்டளைக்கு ஒரு கமிட் என்று நகர்த்துங்கள். கடைசித் துணைக்கட்டளை நகர்ந்ததும் பழைய சங்கிலியை நீக்கிவிடலாம்.